ரதத்துக்குச் சம்மன்

"இடது பக்கம் போக்கா, இடது!"

"இடது பக்கம் பள்ளம்டி!"

"பள்ளத்துல விழுந்தாலும் கீழதான போவோம்? நமக்கும் கீழதான போவணும்!"

தவமலர் பல்லைக் கடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை ஒடித்தாள். சுற்றுலாப் பேருந்துக்கும் சோளக் கடைக்கும் நடுவில் இருந்த இரண்டடி இடைவெளியில் மோட்டார் நுழைந்தது. சோளம் வாட்டிக்கொண்டிருந்தவர் இடுக்கியோடு பின்னால் குதித்தார். பேருந்து ஜன்னலில் ஸ்ட்ராபெரித் தொப்பி போட்ட ஒரு குழந்தை கைதட்டியது.

மணி பத்து நாற்பத்தொன்று.

பின்சீட்டில் விக்னேஸ்வரி ஒரு கையால் தவமலரின் ஜாக்கெட்டையும், இன்னொரு கையால் பிளாஸ்டிக் ஃபைலையும் இறுக்கிப் பிடித்திருந்தாள். பள்ளி விடுமுறை. கியா பார்ம் மலைச்சாலை முழுக்கக் கோலாலம்பூர் கார்கள். அவள் பதினொரு மணிக்கு கீழே தானா ராத்தா நகரில், மாவட்ட மன்ற அலுவலகத்து மாடியில், இரண்டாவது அறையில் இருக்க வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தாலும் மேல்முறையீடு தள்ளுபடி.

ஃபைலுக்குள் ஒரு சம்மன். நடுச்சாலையில் வாகனத்தை நிறுத்தி பத்தொன்பது நிமிடம் போக்குவரத்துக்கு இடையூறு செய்த குற்றம். வாகனம்: தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லாரி. ஓட்டுநர்: விக்னேஸ்வரி.

சம்மனில் எழுதாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. அன்று அந்த லாரி கொழுந்து ஏற்றிப் போகவில்லை. அதன் பின்னால், சாமந்தியும் சீரியல் விளக்குமாக, தோட்டத்து மாரியம்மனின் ரதம் பூட்டப்பட்டிருந்தது.

"ஏண்டி விக்கி," சத்தம் போட்டுக் கேட்டாள் தவமலர், "இப்பவாச்சும் சொல்லு. அன்னிக்கி யாரு அர்ச்சனத் தட்டு அது?"

"ரோட்டப் பாரு."

"பாத்துக்கிட்டுதான் கேக்குறேன். மஞ்ச மழக்கோட்டு போட்ட ஒருத்தி தட்ட நீட்டுனா. அது மட்டும் எனக்குத் தெரியும். மழையில மூஞ்சி தெரியல. டூரிஸ்ட்டுன்னு நெனச்சேன். புது கெரெட்டா வாங்கி அதுக்கு அர்ச்சனையா?"

"கெரெட்டாவுக்குன்னா கார் நம்பர சொல்லிருப்பாங்க."

"நாய்க்குட்டிக்கா?"

"அக்கா, பஸ்!"

தவமலர் பிரேக் அடித்தாள். பஸ் உரசாமல் போனது. அவள் வாய் மட்டும் நிற்கவில்லை. "பதினோரு வருசம் பக்கத்துப் பக்கத்துல கொழுந்து வெட்டுனோம். ஒன்கிட்ட நான் எதையாச்சும் மறச்சிருக்கேனா? எம் புருசன் குறட்டய போன்ல பதிவு பண்ணி ஒனக்குதான மொதல்ல அனுப்புனேன்?"

விக்னேஸ்வரி சிரித்தாள். ஆனால் சொல்லவில்லை. சொல்ல முடியாது. எரியும் கற்பூரத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தாள். ஒரு காரியம் நடக்கும் வரை வாயைத் திறப்பதில்லை என்று. அந்தக் காரியம் இன்னும் நடக்கவில்லை.

இத்தனைக்கும் அபராதம் பெரிய தொகை இல்லை. கவுன்டரில் கட்டிவிட்டு அரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகும். அங்கேதான் சிக்கல். தோட்டத்தில் லாரி ஓட்டும் முதல் பெண் விக்னேஸ்வரி. ஆறு மாதத் தேர்வுக் காலம். அது நாளையோடு முடிகிறது. மேனேஜர் புவனேஸ்வரன் துரை அவளை அழைத்து நேராகவே சொல்லியிருந்தார்: "விக்கி, நீ நல்லா ஓட்டுற. எனக்குத் தெரியும். ஆனா கம்பெனி ரூல்னு ஒண்ணு இருக்கு. தேர்வுக் காலத்துல ஒரு சம்மன்கூட நிக்கக் கூடாது. நின்னா சாவிய வாங்கச் சொல்லித்தான் லெட்டர் வரும். சம்மன ரத்து பண்ணிட்டு வா. ஓட்டு."

அந்தச் சாவிக்காகப் பக்கத்து ஊரான கம்போங் ராஜாவில் ஒருவன் ஏற்கெனவே விண்ணப்பம் போட்டுவிட்டான்.

சாவி போனால் மறுபடியும் கொழுந்து வெட்டும் மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு சரிவில் ஏற வேண்டும். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஆனால் காலை ஏழு மணிக்கு, மூடுபனி விலகும் நேரத்தில், இரண்டாவது கியரில் அந்த வளைவில் லாரியை இறக்கும்போது அவளுக்குள் ஒரு சந்தோஷம் புரளும். முப்பத்து மூன்று வயதில் கிடைத்த சந்தோஷம். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

"எறங்குடி! ஓடு!"

மணி பத்து ஐம்பத்தெட்டு. விக்னேஸ்வரி ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் படிக்கட்டில் பாய்ந்தாள்.

மாடி வராந்தாவில், சீருடையின் மடிப்புக் கலையாமல், ஓர் ஆள் நின்றிருந்தார். அமலாக்க அதிகாரி தங்கராஜு. சம்மன் எழுதிய கை அவருடையது. நேர்மைக்குப் பேர்போனவர். இரண்டு மாதத்துக்கு முன், நடைபாதையை மறித்துப் பெட்டி அடுக்கியதற்காக கியா பார்மில் ஒரு ஸ்ட்ராபெரிக் கடைக்குச் சம்மன் எழுதினார். அந்தக் கடை அவருடைய மாமியாருடையது. அன்று சாயங்காலமே மனைவி தனுஜா துணியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, தோட்டத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இன்னும் திரும்பவில்லை.

பின்னாலேயே மூச்சு வாங்க ஏறி வந்த தவமலர் அவரைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தாள்.

"வாங்கண்ணே. மொதல்ல மாமியா கட. அப்பறம் மாரியம்மா ரதம். அடுத்து யாருக்கு எழுதப் போறீங்க? சொல்லிட்டா நாங்க ஒதுங்கிக்குவோம் லா."

தங்கராஜு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒங்க மோட்டாருக்கு. மஞ்சக் கோடு போட்ட எடத்துல நிறுத்திருக்கீங்க."

தவமலர் வந்த வேகத்திலேயே கீழே ஓடினாள்.

அறைக்குள் புவான் ரொஹானி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேல்முறையீடுகளை விசாரிக்கும் அதிகாரி அம்மா; மலாயில் 'புவான்'. ரிங்லட்டில் தமிழ்ப் பிள்ளைகளோடு கோலி விளையாடி வளர்ந்தவர். தமிழில் பேசினால் புரியும். திட்டினால் இன்னும் நன்றாகப் புரியும்.

"ஹெல்மெட்ட கழட்டுங்க," என்றார் சிரிக்காமல். "இங்க ஒண்ணும் விழாது."

விசாரணை தொடங்கியது.

தங்கராஜு நிமிர்ந்து நின்று அறிக்கையைப் படித்தார். சனிக்கிழமை, காலை ஒன்பது பதினான்கு. ரதம் தோட்டத்துப் பாதையிலிருந்து பெரிய சாலைக்கு வந்தது. முச்சந்தியில் நின்றது. ஒன்பது முப்பத்து மூன்று வரை அசையவில்லை. பின்னால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு வாகன வரிசை. அவர் வரிசையின் கடைசியில் மோட்டாரை விட்டுவிட்டு நடந்தே முன்னால் வந்தார்.

"வந்து?"

"ரதத்துக்கு முன்பக்கம் போய்ப் பாக்க முயற்சி பண்ணேன், புவான். ஓட்டுநர் குறுக்க நின்னாங்க. நான் வலது பக்கம் போனா அவங்களும் வலது பக்கம் வந்தாங்க. இடது பக்கம் போனா இடது பக்கம் வந்தாங்க."

புவான் ரொஹானி கண்ணாடியை மாட்டிக்கொண்டு விக்னேஸ்வரியைப் பார்த்தார். "கபடி விளையாண்டீங்களா?"

"கிட்டத்தட்ட, புவான்."

"ஏன்?"

விக்னேஸ்வரி ஃபைலைப் பிரித்து ஒரு தாளை எடுத்து வைத்தாள். போலீஸ் கொடுத்த ஊர்வல அனுமதி. அதன் மூன்றாவது வரிதான் அவளுடைய ஒரே ஆயுதம். ரதம் பத்து நிமிடத்துக்குள் சாலையைக் கடக்க வேண்டும். பக்தர் வழிபாட்டுக்காக நிற்க நேர்ந்தால் அந்த நேரம் கணக்கில் வராது. அப்படி நின்றதை அந்தப் பக்தரே உறுதி செய்ய வேண்டும்.

"தட்டு வந்துச்சு, புவான். எங்க தோட்டத்துல தட்டு நீட்டிட்டா ரதம் நின்னே ஆகணும். அர்ச்சன முடிஞ்சி தட்டு அவங்க கைக்குத் திரும்பப் போற வரைக்கும் சக்கரம் ஒரு இஞ்சிகூட நகரக் கூடாது. துரையே வந்து ஹாரன் அடிச்சாலும் நகராது. நா ஸ்டியரிங்க புடிச்சிருக்கேன், அவ்வளவுதான். வண்டிய எடுக்கச் சொல்லி மணி அடிக்கிறது பூசாரி."

"ஒரு தட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு நிமிசம்."

"அன்னிக்கு எத்தன தட்டு?"

விக்னேஸ்வரி ஒரு விரலை நீட்டினாள். "ஒண்ணு."

தங்கராஜு தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலில் ஒரு வழக்கு வென்ற களிப்பு இருந்தது.

"பூசாரி லெட்டர் குடுத்திருக்காரு, புவான்," என்று அவசரமாக இன்னொரு தாளை நீட்டினாள் விக்னேஸ்வரி. சிவசாமி பூசாரி வார நாள்களில் தோட்டத்துத் தொழிற்சாலையில் இலை வாட்டும் வேலை பார்ப்பவர். கடிதத்திலும் இலையை வாட்டுவது போலவே சுருக்கியிருந்தார். புவான் ரொஹானி எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"தட்டு வந்தது உண்மை. பத்தொன்பது நிமிடம் உண்மை. மற்றது அம்மனுக்குத் தெரியும். இப்படிக்கு, சிவசாமி." கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலி. "அம்மனக் கூப்பிட்டு விசாரிக்க எனக்கு அதிகாரம் இல்ல. நீங்களே சொல்லுங்க. தட்டு யாரோடது?"

"சொல்ல முடியாது, புவான். சத்தியம் பண்ணிருக்கேன்."

"சரி. யார் பேருல அர்ச்சனை?"

"பேரு கெடையாது, புவான்."

"தெரியாதா?"

"தெரியாதுன்னு சொல்லல. அந்த ஆளுக்குப் பேரு கெடையாது."

புவான் ரொஹானி பேனாவைக் கீழே வைத்தார்.

"நட்சத்திரம்?"

"அதுவும் கெடையாது."

தங்கராஜு இதற்காகவே காத்திருந்தது போல ஓரடி முன்னால் வந்தார். "புவான், நானும் அந்தத் தோட்டத்து மாப்பிள்ளதான். சிவசாமி பூசாரிய எனக்கு நல்லாத் தெரியும். பேரு, நட்சத்திரம், ராசி மூணும் சொல்லலன்னா அவரு தேங்காயத் தொட மாட்டாரு. எங் கல்யாணத்தப்ப நா நட்சத்திரத்த மாத்திச் சொல்லிட்டேன்னு மொதல்லேருந்து மறுபடி பண்ணவரு. பேரும் இல்ல, நட்சத்திரமும் இல்ல, ஆனா பத்தொன்பது நிமிசம் அர்ச்சன நடந்துச்சாம். தட்டே வரல, புவான். வண்டிய நிறுத்திட்டு எறங்கி வேடிக்க பாத்திருக்காங்க."

"வந்துச்சுண்ணே!"

"அப்ப யாருன்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன்!"

"பாருங்க, புவான்."

"மேல வானத்தப் பாத்துச் சொல்லுங்கண்ணே, நா பொய் சொல்றவளா?"

"வானத்தப் பாத்துதான் வண்டி ஓட்டுவியா?"

புவான் ரொஹானி பேனாவால் மேசையைத் தட்டினார். இருவரும் அடங்கினார்கள்.

"என்கிட்ட ரெண்டு முத்திரை இருக்கு," என்றார் அவர். மேசைமேல் இரண்டையும் எடுத்து வைத்தார். "ஒண்ணு, ரத்து. இன்னொண்ணு, உறுதி. தட்டு நீட்டினவர் வந்து, இல்ல போன்லயாவது பேசி, நான்தான் ரதத்த நிறுத்தினேன்னு சொன்னா இது. சொல்லலன்னா அது. பத்து நிமிஷம் தர்றேன். எனக்கும் தே ஓ குடிக்கணும்."

வராந்தாவில் தவமலர் காத்திருந்தாள். மோட்டாரை நகர்த்தி வைத்த வெற்றி முகத்தில் தெரிந்தது. விஷயத்தைக் கேட்டதும் அது வாடிவிட்டது.

"சொல்லித் தொலையேண்டி! சாவி போயிரும்டி!"

"கற்பூரத்துல சத்தியம்க்கா."

"அந்த மஞ்சக்கோட்டுக்காரி மட்டும் எங் கையில கெடைக்கட்டும்..."

விக்னேஸ்வரி கீழே இறங்கினாள். தண்ணீர்க் கடையில் தங்கராஜு தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரில் பால் விடாத தே ஓ ஆறிக்கொண்டிருந்தது. அவர் அதைக் குடிக்கவில்லை. கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார். கடையில் வேறு நாற்காலி காலியாக இல்லை. விக்னேஸ்வரி அவர் எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"விக்கி," என்றார் தங்கராஜு கோப்பையைப் பார்த்துக்கொண்டே. குரலில் சீருடை இல்லை. "நீ மேல் லயத்து வீட்டுலதான இருக்க. அவ வீடு தாண்டித்தான் தெனம் போற."

"ஆமாண்ணே."

"அவ ஒழுங்கா சாப்பிடுறாளா? போன வாரம் சந்தையில தூரத்துல பாத்தேன். எளச்ச மாதிரி இருந்தா."

விக்னேஸ்வரியின் முதுகு நேரானது. ஆனால் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள். "நீங்களே போயிக் கேக்க வேண்டியதுதான?"

"எப்படிப் போறது? தப்பு எம் மேல." கரண்டி நின்றது. "சம்மன் குடுத்தது தப்பு இல்ல. அத நாளைக்கும் குடுப்பேன். ஆனா வீட்டுக்கு வந்து, சட்டயக்கூட கழட்டாம, 'இன்னிக்கு ஒங்கம்மாவுக்கே எழுதிட்டேன் பாத்தியா'ன்னு பெருமையா சொன்னேன் பாரு. அவ தட்டுல சோறு போட்டுக்கிட்டு இருந்தா. அப்படியே வெச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அதான் தப்பு. ரெண்டு மாசமா நானே சோறாக்கி நானே சாப்புடுறேன். உப்பு கூடவா கொறச்சலான்னு கேக்கக்கூட ஆளில்ல."

"அதனால?"

"இன்னிக்குச் சாயந்தரம் போகப் போறேன். மாமியா கடயிலயே போயி, எல்லாரு முன்னாலயும், எங்கூட வாடின்னு கூப்புடப் போறேன்."

விக்னேஸ்வரி மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஒங்கம்மா சொல்லி அனுப்புனாங்களா?"

"இல்ல."

"வேற யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா? தனுஜாவப் பத்தி? எதாச்சும்?"

"யாரு என்ன சொல்லணும்? எனக்கே வீடு வீடா இல்ல. அவ இல்லாம முடியல, அவ்வளவுதான்." அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏன் இப்படிச் சிரிக்கிற?"

கேட்டு முடிப்பதற்குள் அவள் அங்கே இல்லை. நாற்காலி சாய்ந்து கிடந்தது. விக்னேஸ்வரி படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவிக்கொண்டே போனில் ஓர் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"ஹலோ! நாந்தான்! நடந்துருச்சு! நீ கேட்ட மாதிரியே நடந்துருச்சு! யாரும் சொல்லலடி, தானா சொன்னாரு! எங்கிட்டயே சொன்னாரு! அழுவாத... அட அழுவாதடி, எனக்கு அஞ்சு நிமிசந்தான் இருக்கு, ஒங் கொரல்தான் இப்பத் தேவப்படுது!"

தவமலர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். "யாருடி போன்ல?"

"மஞ்சக்கோட்டு!"

தவமலர் அறைவாசல் வரை ஓடி வந்து, கதவைத் தனக்கு மட்டும் நான்கு விரல் அளவு திறந்து வைத்துக்கொண்டாள்.

புவான் ரொஹானி தே ஓ குடித்துவிட்டுத் திரும்பியிருந்தார். தங்கராஜு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பழையபடி நேராக நின்றார். விக்னேஸ்வரி போனை மேசை நடுவில், இரண்டு முத்திரைகளுக்கும் இடையில் வைத்தாள். ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"தட்டு நீட்டினவங்க, புவான்."

"பெயர்?" என்றார் புவான் ரொஹானி போனைப் பார்த்து.

ஒரு மூக்குறிஞ்சல். பின்னால் சந்தை இரைச்சல். 'அடி, ஒரு பெட்டிக்கு நாலு வெள்ளிதான்னு சொல்லு' என்று ஒரு வயதான குரல். பிறகு, தெளிவாக:

"தனுஜா. தனுஜா தங்கராஜு."

அமலாக்க அதிகாரியின் கையிலிருந்து அறிக்கை நழுவியது. கதவிடுக்கில் தவமலர், "அடி ஆத்தா!" என்றாள்.

புவான் ரொஹானி தங்கராஜுவைப் பார்த்தார். போனைப் பார்த்தார். மறுபடியும் தங்கராஜுவைப் பார்த்தார். "இவங்க உங்க..."

"ஆமா, புவான்," என்றார் தங்கராஜு.

"தனுஜா, ரதத்த நிறுத்தினது நீங்களா?"

"நாந்தான், புவான். பத்தொன்பது நிமிசமும் என்னாலதான். விக்கி அக்கா மேல ஒரு தப்பும் இல்ல. நா தட்ட நீட்டுனேன். பூசாரி பேரு கேட்டாரு. பேரு இல்லன்னேன். நட்சத்திரம் கேட்டாரு. அதுவும் இல்லன்னேன். பேரும் நட்சத்திரமும் இல்லாம முப்பது வருசத்துல அர்ச்சன பண்ணதில்லன்னு அவரு நின்னுட்டாரு. அப்ப ஒம் பேருல பண்றேன்னாரு. எனக்கு வேணாம், அந்த ஆளுக்குத்தான் வேணும்னு நானும் நின்னுட்டேன். தட்டத் திருப்பிக் குடுக்க அவருக்கு மனசு இல்ல. வாங்கிட்டுப் போக எனக்கு மனசு இல்ல. விக்கி அக்கா எறங்கி வந்து என்னான்னு கேட்டாங்க. பூசாரிக்கு எடுத்துச் சொல்லிச் சொல்லிப் பாத்தாங்க. கடைசியில, 'அம்மன் பேரையே சொல்லிப் பண்ணுங்க சாமி, அவளுக்குத் தெரியாத ஆளா?'ன்னு கேட்டாங்க. அப்பத்தான் பூசாரி தேங்காய ஒடச்சாரு."

"அப்ப அந்தக் கபடி?"

விக்னேஸ்வரி முந்திக்கொண்டாள். "தங்கராஜு அண்ண முன்னால வந்திருந்தா இவளப் பாத்திருப்பாரு, புவான். யாருக்கு அர்ச்சனன்னு கேட்டிருப்பாரு. அது தெரிஞ்சி அவரு வந்து கூப்புட்டா இவ போவ மாட்டாளாம். தெரியாமலே, இவளுக்காகவே வந்து கூப்புடணுமாம். அது வரைக்கும் வாயத் தெறக்கக் கூடாதுன்னு எங்கிட்டயும் பூசாரிகிட்டயும் கற்பூரத்துல சத்தியம் வாங்கிட்டா."

"உங்க வேல போயிருக்குமே."

"போயிருக்கும், புவான். அதுக்குன்னு?"

புவான் ரொஹானி ஒரு கணம் அவளையே பார்த்தார். அனுமதிக் கடிதத்தின் மூன்றாவது வரியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு வலது கைப்பக்கம் இருந்த முத்திரையை எடுத்து, மையில் ஒற்றி, மேசை அதிரும்படி ஒரே போடாகப் போட்டார்.

ரத்து.

கதவு முழுவதும் திறந்துகொண்டது. தவமலர் உள்ளே பாய்ந்து விக்னேஸ்வரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "சாவி ஒனக்குடி! லாரி ஒனக்குடி! நாளைக்குக் காலயில மொத கொழுந்து மூட்டைய நாந்தான் ஏத்துவேன், எனக்கு ஹாரன் அடிக்கணும் சொல்லிட்டேன்!" விக்னேஸ்வரி சிரித்தாள். அழவும் செய்தாள். எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"அமைதி," என்றார் புவான் ரொஹானி. ஆனால் அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

தங்கராஜு மட்டும் சிரிக்கவில்லை. மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டு, போனின் மேல் மெதுவாகக் குனிந்தார்.

"தனு."

"ம்."

"சாயந்தரம் வரேன்."

"விக்கி அக்கா சொன்னாங்க."

"சாயந்தரம் இல்ல. இப்பவே வரேன்."

"வாங்க."

அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். "மழையில நனஞ்சிகிட்டு, ஒன்றரக் கிலோமீட்டர் ஜாம் பண்ணி... யாருக்குடி அந்த அர்ச்சன? பேரில்லாத ஆளு யாரு?"

போனில் சந்தை இரைச்சல் சட்டென்று குறைந்தது. அவள் கடைக்குப் பின்னால் எங்கோ ஒதுங்கியிருக்க வேண்டும். இப்போது அவள் மூச்சுகூடக் கேட்டது.

"மூணு மாசம் முடிஞ்சிருச்சுங்க. பொறக்க இன்னும் ஆறு மாசம் இருக்கு. பேரு நீங்களும் நானும் உக்காந்துதான் வெக்கணும்."